கடைசி ஆள் வந்துசேரும் வரை

ஞாயிற்றுக்கிழமை ஓட்டங்களுக்காக என்னிடம் ஒரு பள்ளி நோட்டு இருக்கிறது. வாரத்துக்கு ஒரு வரி. தேதி, பாதை, கிளம்பியவர்கள், திரும்பியவர்கள். அநேகமாக எல்லா வரிகளிலும் கடைசி இரண்டு எண்களும் ஒன்றாகவே இருக்கும். முதல் பக்கத்தின் முதல் வரியில் மட்டும் 19, 18 என்று இருக்கிறது. அது 2023 ஏப்ரல் மாதத்து ஓட்டம். அன்று என்னிடம் நோட்டு இல்லை. அந்த ஓட்டம் முடிந்த மறுநாள்தான் கடைக்குப் போய் வாங்கினேன். வாங்கியதும் முதலில் எழுதியது அந்த வரியைத்தான்.

ராணிப்பேட்டையில் ஒரு தோல் காலணி நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். வீடு வேலூர் சத்துவாச்சாரியில். சர்க்கரை எல்லைக்கோட்டில் இருக்கிறது என்று மருத்துவர் சொன்ன பிறகு, முப்பத்தெட்டு வயதில் ஓட ஆரம்பித்தேன். கோட்டை அகழியைச் சுற்றி நடந்துகொண்டிருந்த என்னை ஓட்டக் குழுவினர் சேர்த்துக்கொண்டார்கள். செவிலியர்கள், கல்லூரி மாணவர்கள், ஓய்வு பெற்ற வங்கி ஊழியர்கள், இரண்டு பள்ளி ஆசிரியைகள், ஒரு மளிகைக் கடைக்காரர் என்று கலவையான கூட்டம். இரண்டு வருடம் கழித்து, ஞாயிறு ஓட்டத்தை நடத்தும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். சம்பளம் கிடையாது, சீருடை கிடையாது. முன்னால் ஓடினால் வழி நடத்துவதாக ஆகிவிடும் என்று அப்போது நம்பினேன்.

அந்த ஏப்ரல் ஞாயிறன்று காலை ஐந்தரை மணிக்குக் கோட்டைக்கு எதிரில் பத்தொன்பது பேர் கூடினோம். கிரீன் சர்க்கிள் வழியாகப் பாலாற்றுப் பாலத்தைத் தாண்டி, விருதம்பட்டு வரை போய்த் திரும்புவது திட்டம். அன்றுதான் முதன்முதலாக வந்த ஓர் அக்கா இருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். ஒரு மாதமாக நடைப்பயிற்சி செய்கிறேன், மெதுவாக ஓடுவேன் என்றார். "வாருங்கள் அக்கா, பார்த்துக்கொள்ளலாம்" என்று சொன்னேன். சொன்னதோடு சரி.

முன்னால் இருந்த நான்கைந்து பேருக்கு அன்று கால் நன்றாக விழுந்தது. எனக்கும்தான். குழு நீண்டுகொண்டே போனது. பாலத்தின் நடுவில் அந்த அக்காவுக்கு மூச்சு வாங்கியிருக்கிறது. பக்கத்தில் ஓடியவரிடம், "நீங்கள் போங்கள், நான் மெதுவாக வருகிறேன்" என்று கையசைத்திருக்கிறார். அவரும் போய்விட்டார். மற்றவர்களுக்குப் பாரமாக இருக்கக் கூடாது என்று நினைத்து, அக்கா தனியாகத் திரும்பி நடக்கத் தொடங்கிவிட்டார். கைபேசியும் தண்ணீர் பாட்டிலும் கோட்டையருகே நிறுத்தியிருந்த ஸ்கூட்டியில் இருந்தன.

நாங்கள் திரும்பி வந்து டீக்கடையில் நின்று பேசிக்கொண்டிருந்தோம். கால் மணி நேரம் கழித்து, "அந்த ஸ்கூட்டி யாருடையது?" என்று யாரோ கேட்டார்கள். எனக்கு வயிற்றில் ஏதோ கவிழ்ந்தது போல இருந்தது.

கிரீன் சர்க்கிள் அருகே ஒரு பூக்காரம்மாவின் கோணிப் பையின் மேல் அக்கா உட்கார்ந்திருந்தார். உடம்பெல்லாம் வியர்த்துச் சில்லிட்டிருந்தது. கெண்டைக்கால் இழுத்துப் பிடித்திருந்தது. பூவுக்குத் தெளிக்க வைத்திருந்த தண்ணீரில் துணியை நனைத்து, அந்த அம்மாதான் முகத்தைத் துடைத்துவிட்டிருந்தார். அரை மணி நேரத்தில் அக்கா தெளிந்துவிட்டார், பெரிய ஆபத்து எதுவும் இல்லை. ஆனால் வீட்டுக்குக் கொண்டுபோய் விடும்போது அவர் சொன்னது இன்றும் என் காதில் இருக்கிறது. கோபமாகச் சொல்லவில்லை. "பாலத்தில் நின்று ரொம்ப நேரம் பார்த்தேன் அம்மா. ஒருத்தராவது திரும்பிப் பார்ப்பீர்கள் என்று."

அதற்குப் பிறகு நாங்கள் கற்றுக்கொண்டவற்றை, வேறு ஊர்களில் இதே வேலையைச் செய்கிறவர்களுக்குப் பயன்படும் என்று எழுதுகிறேன்.

முதலில் எண்ணிக்கை. கிளம்பும்போது தலையை எண்ணுவது போதாது. பெயரும், வீட்டில் ஒருவரின் தொலைபேசி எண்ணும் வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் "வருகிறேன்" என்று போட்டவர்களை வைத்துக் கணக்குப் பார்த்தால் தப்பாகும். போட்டவர்களில் மூன்று பேர் தூங்கிவிடுவார்கள், போடாதவர்கள் நான்கு பேர் வந்து நிற்பார்கள். அதனால் நேரில் நின்று எழுத வேண்டும். பாலத்தின் இந்த முனையில் ஒரு முறை, திரும்பும் இடத்தில் ஒரு முறை, முடிவில் ஒரு முறை மீண்டும் எண்ண வேண்டும். வழியில் யாராவது வீட்டுக்குத் திரும்பினால், பொறுப்பில் உள்ள ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். இது மட்டும் எங்கள் குழுவில் கண்டிப்பான விதி. சொல்லாமல் போனவரை அன்றே வீட்டுக்கு அழைத்துக் கேட்கிறோம். ஒருவருக்கு அது பிடிக்கவில்லை, என்ன பள்ளிக்கூடமா என்றார். நான் அவரிடம் முதல் பக்கத்தின் முதல் வரியைக் காட்டினேன். அடுத்த வாரத்திலிருந்து அவர் சொல்லிவிட்டுத்தான் போகிறார்.

அடுத்தது, கடைசியில் ஓடுபவர். இந்த வேலையின் உயிரே அங்கேதான் இருக்கிறது. எவ்வளவு மெதுவாக ஒருவர் வந்தாலும் அவருக்கும் பின்னால் நம் ஆள் ஒருவர் இருக்க வேண்டும். அந்த நம் ஆளுக்கு யாரையும் முந்திப் போகும் உரிமை அன்றைக்கு இல்லை. கடைசி ஆள் நடந்தால் இவரும் நடப்பார், கடைசி ஆள் உட்கார்ந்தால் இவரும் உட்காருவார். ஆரம்பத்தில், குழுவிலேயே வேகம் குறைந்தவரை அங்கே போட்டோம். அது பெரிய தவறு. அவருக்கே மூச்சு முட்டிக்கொண்டிருக்கும். அவர் இன்னொருவரை எப்படிப் பார்த்துக்கொள்வார்? இப்போது நல்ல தெம்புள்ளவர்கள்தான் முறை வைத்துக் கடைசியில் ஓடுகிறோம். அரை மாரத்தானை இரண்டு மணி நேரத்துக்குள் முடிக்கும் ஒரு செவிலியர் மாதம் ஒரு ஞாயிறு அந்த இடத்தைக் கேட்டு வாங்கிக்கொள்கிறார். அவருடன் ஓடிய புதியவர்கள் மறு வாரமும் வருகிறார்கள். பின்தங்குவது அவமானமில்லை என்று பேச்சில் எத்தனை முறை சொன்னாலும் ஏறாது. பின்னால் ஒரு காலடிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தால் ஏறிவிடும்.

முன்னால் ஓடுபவருக்கு ஒரே வேலை, அறிவித்த வேகத்தைத் தாண்டாமல் இருப்பது. வாய்விட்டு முழு வாக்கியம் பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகம்தான் ஞாயிறு ஓட்டத்தின் வேகம். இரண்டு வார்த்தைக்கு ஒரு முறை மூச்சு வாங்கினால் வேகம் அதிகம் என்று பொருள். வேகமாக ஓட விரும்புகிறவர்களுக்குப் புதன்கிழமை தனியாக இருக்கிறது. இரண்டையும் ஒரே நாளில் கலந்ததால்தான் அந்த ஏப்ரல் ஞாயிறு அப்படி ஆனது.

இனிச் சாலை. நம் நாட்டில் வண்டிகள் இடப்பக்கம் போகின்றன. எனவே நடைபாதை இல்லாத இடத்தில் சாலையின் வலப்பக்கமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி ஓட வேண்டும். கேட்கச் சுலபமாக இருக்கிறது. பழக்கத்தில் எல்லோரும் இடப்பக்கம்தான் ஒதுங்குவார்கள், முதுகுக்குப் பின்னால் சித்தூர் பஸ் வந்துகொண்டிருக்கும். மலைப்பாதை வளைவுகளில் மட்டும் இதற்கு விலக்கு உண்டு. அமிர்தி காட்டுச் சாலையில் ஓடப் போகும்போது, வலப்பக்கம் திரும்பும் குறுகிய வளைவில் எதிரே வரும் ஓட்டுநருக்கு நாம் கடைசி நொடியில்தான் தெரிவோம். அங்கே வளைவுக்கு முன்பே நின்று, இரு பக்கமும் பார்த்து, வெளிப்பக்கத்துக்கு மாறிக்கொள்கிறோம். நல்ல சாலையில் இருவர் இருவராக ஓடலாம். பாலத்தில் ஒருவர் பின் ஒருவர்தான். மூன்று பேர் கைகோத்தது போலப் பேசிக்கொண்டு ஓடுவது எவ்வளவு இனிமையானது என்பது எனக்குத் தெரியும். ஆனால் அதற்கு இடம் கோட்டை மைதானம், சாலை அல்ல.

கிரீன் சர்க்கிளைக் கடப்பது தனிக் கதை. சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையிலிருந்து இறங்கும் வண்டிகள், புதிய பஸ் நிலையத்துக்குள் திரும்பும் பஸ்கள், காட்பாடிக்குப் போகும் ஆட்டோக்கள் எல்லாம் அங்கே வந்து சேரும். அதிகாலையில் சாலை காலியாகத் தெரியும், அதனால்தான் வேகமாக வருவார்கள். அங்கே ஓடிக் கடப்பதை நிறுத்திவிட்டோம். எல்லோரும் வந்து சேரும் வரை ஓரமாக நின்று, எண்ணி, ஒரே கூட்டமாக நடந்து கடக்கிறோம். முதலில் சிலர் முணுமுணுத்தார்கள். கையில் கட்டிய கடிகாரத்தில் நேரம் ஓடிக்கொண்டிருக்கும் அல்லவா. கடிகாரத்தை நிறுத்திக்கொள்ளுங்கள் என்று சொன்னோம். பாதியில் காத்து நிற்பதற்கான இடத்தை முன்கூட்டியே போய்ப் பார்த்து வைக்க வேண்டும். விளக்கு இருக்க வேண்டும், இருபது பேர் சாலையில் கால் வைக்காமல் நிற்க இடம் இருக்க வேண்டும், வளைவுக்கு அருகில் இருக்கக் கூடாது. எங்கள் வழியில் அப்படி நான்கு இடங்களைக் குறித்துவைத்திருக்கிறோம்.

வேலூருக்கே உரிய ஒரு சிக்கலைச் சொல்ல வேண்டும். இங்கே சிகிச்சைக்காக மேற்கு வங்கத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் வருகிறவர்கள் ஏராளம். படிக்க வரும் மாணவர்கள் இன்னும் பல ஊர்க்காரர்கள். செவிலியர்களில் மலையாளிகள் நிறைய. என் குழுவில் ஒரு ஞாயிறன்று ஆறு மொழிக்காரர்கள் இருந்தார்கள். "பள்ளம்!" என்று நான் கத்தினேன், ஒரு மாணவி என்னைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே பள்ளத்தில் கால் வைத்தாள். கணுக்கால் பிசகி மூன்று வாரம் நொண்டினாள். பாதாளச் சாக்கடைக்குத் தோண்டி மூடிய தெரு அது. நடுவில் ஒரு முழம் அகலத்துக்கு மண் அமிழ்ந்திருந்தது. அந்த வாரமே சத்தத்தை விட்டுவிட்டுக் கைச் சைகைக்கு மாறினோம். கையைக் கீழே நீட்டிக் காட்டினால் பள்ளம். முதுகுக்குப் பின்னால் கையை ஒரு பக்கம் வீசினால், அந்தப் பக்கம் ஒதுங்கு. முஷ்டியைத் தலைக்கு மேல் தூக்கினால், நில். முன்னால் இருப்பவர் காட்டுவதை அடுத்தவர் காட்டி, அப்படியே கடைசி வரை போக வேண்டும். கிளம்பும் முன் இரண்டு நிமிடம் எல்லோரும் நின்று செய்து பார்க்கிறோம். கூச்சமாகத்தான் இருக்கும், இருந்தாலும் செய்கிறோம். இரண்டு காதிலும் பாட்டுக் கேட்கும் கருவி மாட்டிக்கொண்டு வருகிறவர்களைச் சாலை ஓட்டத்தில் சேர்ப்பதில்லை.

வெளிச்சம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜனவரியில் இங்கே சூரியன் உதிக்க ஆறரை மணிக்கு மேல் ஆகும். கறுப்புச் சட்டை வேண்டாம். ஒளியைத் திருப்பியடிக்கும் பட்டை வைத்த மேல்சட்டை முதல் ஆளுக்கும் கடைசி ஆளுக்கும் கட்டாயம். கடைசி ஆளின் இடுப்பில் சைக்கிளுக்கு மாட்டும் சிவப்பு விளக்கு. எங்கள் குழுவில் நான்கு பட்டைச் சட்டைகள் இருக்கின்றன, வாரா வாரம் யாராவது துவைத்துக் கொண்டுவருகிறார்கள். மார்கழியில் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்கு வருகிறவர்கள் விடியும் முன்பே கோட்டைக்குள் நடப்பார்கள். அந்த மாதம் உள்ளே ஓடுவதில்லை. கோயிலுக்குப் போகிறவர்களை இடித்துக்கொண்டு ஓடினால் குழுவுக்கு ஊரில் என்ன மரியாதை மிஞ்சும்?

இனி வெயில். இதைப் பற்றி மட்டும் எவ்வளவு எழுதினாலும் எனக்குப் போதாது.

வேலூரை வெயிலூர் என்று ஊர்க்காரர்களே சொல்வோம். சுற்றிலும் பாறை மலைகள். பகலெல்லாம் குடித்த சூட்டை அவை இரவில் மெல்ல மெல்ல வெளியே விடுகின்றன. கத்திரி வெயில் காலத்தில் விடியற்காலை நான்கரை மணிக்குக்கூட மொட்டைமாடித் தரை வெதுவெதுப்பாக இருக்கும். விடிந்துவிட்டால் ஆபத்து, அதற்கு முன் குளிர்ச்சி என்று நினைப்பது இந்த ஊரில் தப்புக் கணக்கு. அதோடு காற்றில் ஈரம் இருந்தால் வியர்வை ஆவியாகாமல் உடம்பிலேயே நிற்கும். வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும்.

அதனால் மார்ச் பாதியிலிருந்து ஜூன் வரை எங்கள் பாதையே வேறு. ஆற்றைத் தாண்டிப் போவதில்லை. கோட்டையைச் சுற்றி வட்டம் வட்டமாக ஓடுகிறோம். நேராகப் போய்த் திரும்பும் பாதையில் மயக்கம் வந்தால், அது வரும் இடம் தண்ணீரிலிருந்து மிகத் தொலைவாக இருக்கும். வட்டப் பாதையில் எந்த இடத்தில் நின்றாலும் தண்ணீரும் நிழலும் பக்கத்திலேயே இருக்கும். யாரும் யாருக்காகவும் ஓட்டத்தை நீட்ட வேண்டியதில்லை, முடியாதவர் அடுத்த சுற்றில் நின்றுகொள்ளலாம். ஐந்து மணிக்குக் கிளம்பி ஆறேகாலுக்கு முடிக்கிறோம். குளிர் ஊரிலிருந்து வந்த மாணவர்களுக்கு முதல் இரண்டு வாரம் பாதித் தூரம்தான். உடம்பு வெயிலுக்குப் பழகப் பத்து முதல் பதினான்கு நாட்கள் ஆகும்.

2024 மே மாதத்தில் நடந்தது இது. எங்களில் வலுவான ஓட்டக்காரர்களில் ஒருவர், இருபத்தாறு வயதுத் தம்பி. நான்காவது சுற்றில் நேர்க்கோட்டில் ஓடாமல் ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து ஓடினார். கடைசியில் ஓடிக்கொண்டிருந்த செவிலியர்தான் கவனித்தார். நிறுத்தி, இது எந்த இடம் என்று கேட்டால், "அம்மா கூப்பிடுகிறார்கள்" என்று பதில் சொன்னார். உடம்பு அனலாகக் கொதித்தது. தலைசுற்றல், கால் இழுப்பு, வாந்தி இவையெல்லாம் சோர்வின் அறிகுறிகள்; நிழலில் படுக்கவைத்து நீர் கொடுத்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும். பேச்சு குழறி, நினைவு தடுமாறினால் அது வெப்பத் தாக்கு. உடலின் உள்வெப்பம் 40 டிகிரி செல்சியசைத் தாண்டிவிட்டது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். அப்போது ஒவ்வொரு நிமிடமும் மூளைக்கும் உறுப்புகளுக்கும் கேடு.

முதலில் குளிரவைப்பது, பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு ஏற்றுவது என்று அந்தச் செவிலியர் எங்களுக்கு முன்பே சொல்லிக்கொடுத்திருந்தார். ஏப்ரல், மே மாதங்களில் ஒருவர் ஸ்கூட்டரில் தெர்மோகோல் பெட்டியுடன் வருவார். அதில் வீட்டில் உறையவைத்த நான்கு தண்ணீர் பாட்டில்கள், நனைத்த பழைய துண்டுகள், உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள் இருக்கும். தம்பியை நிழலில் படுக்கவைத்துச் சட்டையைக் கழற்றினோம். உறைந்த பாட்டில்களை அக்குளிலும் தொடை இடுக்கிலும் கழுத்தோரத்திலும் வைத்தோம். குடங்களில் தண்ணீர் வாங்கி உடம்பு முழுவதும் ஊற்றி, இரண்டு பேர் துண்டால் விசிறினார்கள். நினைவு தடுமாறியவருக்கு வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, மூச்சுக் குழாய்க்குள் போய்விடும். இன்னொருவர் அதற்குள் 108-ஐ அழைத்தார். வண்டி வரும்போது தம்பி தன் பெயரைச் சொல்லத் தொடங்கியிருந்தார். பிழைத்துக்கொண்டார். மூன்று மாதம் கழித்து ஓடவும் வந்தார்.

பிறகுதான் தெரிந்தது, இரண்டு நாட்களுக்கு முன்பு அவருக்குக் காய்ச்சல் இருந்திருக்கிறது. சொன்னால் ஓடவேண்டாம் என்பார்கள் என்று மறைத்திருக்கிறார். நானும் கேட்கவில்லை. இப்போது கிளம்பும் முன் வாராவாரம் கேட்கிறேன். இந்த வாரம் காய்ச்சல் உண்டா? வயிற்றுப்போக்கு உண்டா? இரவு தூக்கம் கெட்டதா? ஆம் என்றால் அன்றைக்கு எங்களுடன் நடக்கலாம், தண்ணீர் கொடுக்கும் வேலை செய்யலாம், ஓட்டம் கிடையாது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். பயந்துபோய்த் தண்ணீரை மடக் மடக்கென்று அளவில்லாமல் குடிப்பதும் தவறு. வெறும் தண்ணீர் மிகுந்தால் இரத்தத்தில் சோடியம் நீர்த்து, அதுவே மயக்கத்திலும் வலிப்பிலும் கொண்டுபோய் விடும். தாகத்துக்குக் குடித்தால் போதும். ஒரு மணி நேரத்தைத் தாண்டினால் உப்புப் போட்ட மோரோ, எலுமிச்சைச் சாறோ சேர வேண்டும்.

108-ஐ அழைக்கும்போது அந்தப் பக்கத்தில் இடத்தைத்தான் கேட்பார்கள். பதற்றத்தில் "கோட்டைக்குப் பக்கத்தில்" என்று சொன்னால், கோட்டைக்கு எந்தப் பக்கம்? ஒவ்வொரு பாதையிலும் அரை கிலோமீட்டருக்கு ஓர் அடையாளத்தை மனப்பாடம் செய்துவைத்திருக்கிறோம். அழைத்தவர் அங்கேயே நிற்க, இன்னொருவர் முதன்மைச் சாலைக்கு ஓடிப் போய்ப் பட்டைச் சட்டையைக் காட்டி வண்டியை நிறுத்த வேண்டும். நாங்கள் இதை ஒத்திகை பார்த்திருக்கிறோம்.

நாற்பது வயதுக்கு மேல் திடீரென்று மாரத்தான் ஆசை வரும் ஆண்களைப் பற்றி எனக்கு உள்ளூர ஒரு கவலை உண்டு. நெஞ்சில் இறுக்கம் வந்தால் வாயுப் பிடிப்பு என்று சொல்லிக்கொண்டு இன்னும் இரண்டு கிலோமீட்டர் ஓடுவார்கள். வாயுவா இல்லையா என்பதை மருத்துவர் சொல்லட்டும். நெஞ்சு, தாடை, இடது கை, எங்கே அழுத்தமோ வலியோ வந்தாலும் அந்த இடத்திலேயே நிற்க வேண்டும். அப்படி ஒருவர் எங்கள் முன்னால் விழவில்லை, கடவுள் புண்ணியம். ஆனாலும் இதயம் நின்றுபோனவரின் நெஞ்சை அழுத்திக் காப்பாற்றும் பயிற்சியைக் குழுவில் எட்டுப் பேர் எடுத்திருக்கிறோம். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, பெரியவர்களுக்குக் குறைந்தது ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்த வேண்டும். இரண்டு நிமிடத்துக்கு ஒருவர் மாறிக்கொள்ள வேண்டும், ஏனென்றால் தெம்புள்ளவருக்கே கை தளர்ந்துவிடும். பொம்மையின் மேல் அழுத்திப் பார்த்த அன்றுதான் ஐந்து சென்டிமீட்டர் எவ்வளவு ஆழம் என்று எனக்குப் புரிந்தது.

நாய்கள். தொரப்பாடிப் பக்கம் ஒரு தெருவில் இவற்றின் கூட்டம் இருக்கிறது. ஓடுகிறவரைத்தான் துரத்தும். நாய் உறுமினால் முதல் ஆள் முஷ்டியைத் தூக்குவார், எல்லோரும் நடைக்கு மாறி நெருங்கிக்கொள்வோம். கல்லைத் தேடிக் குனிவது, கூச்சலிடுவது, முதுகைக் காட்டி ஓடுவது எதுவும் கூடாது. அப்படியும் ஒரு மாணவரைக் கெண்டைக்காலில் கடித்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் மஞ்சள்தூள் எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். நல்ல மனதுதான். ஆனால் மஞ்சள், மிளகாய்த்தூள், சுண்ணாம்பு எதுவும் வைக்கக் கூடாது. அதே வீட்டுக் குழாயடியில் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் முழுதாகப் பதினைந்து நிமிடம் கழுவினோம். பதினைந்து நிமிடம் என்பது எவ்வளவு நீளம் என்று கடிகாரத்தைப் பார்த்தால்தான் தெரியும். அன்றே அரசு மருத்துவமனையில் முதல் ஊசி, பிறகு 3, 7, 28ஆம் நாட்களில் மற்றவை. இரத்தம் வந்த கடி என்பதால் காயத்தைச் சுற்றி வேறு ஒரு மருந்தும் போட்டார்கள். தடுப்பூசி இலவசம்தான். கடைசி ஊசி வரை அவர் போனாரா என்று நோட்டில் குறித்து, நானே கேட்டுக்கொண்டிருந்தேன். இரண்டு ஊசியோடு விட்டுவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்போதிலிருந்து தெர்மோகோல் பெட்டியில் ஒரு சோப்பும் இருக்கிறது.

பெண்களின் பாதுகாப்பு என்றால் இருட்டை மட்டும்தான் எல்லோரும் பேசுகிறார்கள். இருட்டும் உண்டு, மறுக்கவில்லை. வண்டி நிறுத்துமிடத்திலிருந்து கூடும் இடம் வரை எந்தப் பெண்ணும் தனியாக நடக்க வேண்டியதில்லை என்பதற்கு இருவரை நிறுத்தியிருக்கிறோம். ஓட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே படம் எடுத்து எங்கே இருக்கிறோம் என்று ஊருக்குச் சொல்வதையும் நிறுத்திவிட்டோம். ஆனால் பெண்கள் ஓட்டத்துக்கு வராமல் போவதற்கு நான் கண்ட முதல் காரணம் கழிப்பறை. ஐந்து மணிக்குக் கிளம்பி ஏழு மணி வரை வெளியே இருக்க வேண்டும் என்பதால் தண்ணீரே குடிக்காமல் வருவார்கள். வேலூர் வெயிலில் அது நேராக மயக்கத்துக்குத்தான் வழி. என் பெண்ணுக்கும் இப்படித்தான் நேர்ந்தது என்று ஓர் அம்மா என்னிடம் சொன்ன பிறகு, கழிப்பறை இல்லாத எந்த இடத்திலிருந்தும் ஓட்டத்தைத் தொடங்குவதில்லை. பஸ் நிலையக் கட்டணக் கழிப்பறைக்கான சில்லறை, என் நோட்டின் உறைக்குள் எப்போதும் இருக்கும். அந்த ஏற்பாட்டுக்குப் பிறகு பெண்கள் அதிகமாக வருகிறார்கள்.

பாலாற்றைப் பற்றி ஒரு வார்த்தை. வருடத்தில் பெரும்பகுதி மணல்தான். 2021 நவம்பரில் வெள்ளம் புரண்டு ஓடியபோது, பாலத்தில் ஊரே நின்று வேடிக்கை பார்த்தது, நானும் நின்றேன். ஆற்றில் தண்ணீர் வரும் நாட்களில் பாலத்தில் ஓட வேண்டாம். பார்க்க வருகிறவர்கள் பைக்குகளைக் குறுக்கே நிறுத்துவார்கள், ஓட்டுநர்களின் கண்ணும் சாலையில் இருக்காது.

அந்த அக்கா மறுபடியும் வருவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. இரண்டு மாதம் கழித்து வந்தார். இப்போது கடைசியில் ஓடும் முறையில் அவர் பெயரும் இருக்கிறது. எத்தனை பேரைப் பேச்சுக் கொடுத்தே வீடு சேர்த்திருக்கிறார் என்று எண்ணினால் நோட்டில் ஒரு பக்கம் வேண்டும்.

இரண்டு வாரங்களுக்கு முன்பு, ஒரு மாணவர் முதன்முறையாகத் தனியாக ஓட்டத்தை நடத்தினார். நான் தண்ணீர் வண்டியில் இருந்தேன். கோட்டைச் சுற்று. முடிந்ததும் நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். முகம் வாடியிருந்தது. "அக்கா, கணக்கு இடிக்கிறது. 22 பேர் கிளம்பினோம், 23 பேர் வந்திருக்கிறோம்."

இரண்டாவது சுற்றில் அகழியோரம் தனியாக நடந்துகொண்டிருந்த ஒருவர், ரப்பர் செருப்போடு கடைசி வரிசையில் சேர்ந்துகொண்டிருக்கிறார். ஜார்க்கண்டிலிருந்து அப்பாவின் சிகிச்சைக்காக வந்தவர். மூன்று வாரமாக லாட்ஜ் அறை, ஆஸ்பத்திரி வரிசை, மறுபடியும் அறை. தமிழ் தெரியாது. கைச் சைகைகளைப் பார்த்துப் பார்த்தே கூட ஓடியிருக்கிறார். கடைசியில் ஓடிய அக்கா அவரை நிறுத்தவில்லை. இன்னும் கொஞ்சம் மெதுவாக ஓடியிருக்கிறார்.

எண்ணைத் திருத்தட்டுமா என்று மாணவர் கேட்டார். வேண்டாம் என்றேன். அந்த வரியில் 22, 23 என்று இருக்கிறது. கீழே அவருடைய பெயர், லாட்ஜின் பெயர், அறை எண், ஊரில் இருக்கும் அவர் தம்பியின் தொலைபேசி எண்.